இரண்டு முடிச்சு போட்ட சிவப்புத் துணி

எங்கள் தோட்டத்தில் ரெங்கசாமி அண்ணனுக்குக் 'கையுறை' என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. தாலி கட்டும்போதுகூட அதைக் கழற்றாத மனிதர் என்று அவருடைய மனைவி நல்லம்மாள் அக்காவே சொல்லிச் சிரிப்பார். கல்யாண வீட்டில் பந்தல் கட்ட ஏணியில் ஏறுகிறவனைக் கீழே இறக்கி, ஏணிக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் மறுபடி ஏற விடுவார். திருவிழாவில் ஜெனரேட்டர் பக்கம் யாராவது சிகரெட்டோடு வந்தால், சாமி ஊர்வலம் நின்றாலும் பரவாயில்லை என்று கத்துவார். அவரைப் பார்த்துப் பயந்தவர்களைவிட அலுத்துக்கொண்டவர்கள்தான் அதிகம். அதில் முதல் ஆள் நான்.

என் பெயர் தேவன். கோலா சிலாங்கூர் பக்கம், அசாம் ஜாவா என்ற சிற்றூரிலிருந்து உள்ளே போகும் ஓர் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்தில் எனக்குப் பதினாறு வருஷமாக ஆபீஸ் வேலை. சம்பளச் சீட்டில் என் பதவிக்கு ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ போட்டிருக்கும். சனங்களுக்கு நான் கிராணிதான். சாமான் வாங்க எழுதிப் போடுவது, லீவு எழுதுவது, மேனேஜர் சொல்வதைத் தட்டச்சு செய்வது, கோயில் கமிட்டிக்குச் செயலாளராக இருப்பது, எல்லாம் என் தலையில். ஒழுங்கான ஆள் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள நான் என்ன செய்தேன் என்பதையும் சேர்த்துத்தான் இங்கே எழுத வேண்டும். அதை விட்டுவிட்டு அண்ணனைப் பற்றி மட்டும் எழுதினால் அது இன்னொரு பொய்.

அவர் இதே தோட்டத்தில், லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். இருபத்து மூன்று வயதில் செரண்டாவில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலைக்கு மெசின் பழுதுபார்க்கப் போய், பதினோரு வருஷம் இருந்தார். அங்கே ஒருநாள் சிக்கிக்கொண்ட அச்சு மெசினுக்குள் கையை விட்டு அவருடைய கூட்டாளி ஒருவர் சுத்தம் செய்துகொண்டிருக்க, அது தெரியாமல் வேறொருவர் சுவிட்சைத் தட்டிவிட்டார். அண்ணன் பக்கத்தில் நின்றிருந்தார். அந்தக் கதையை அவர் முழுதாகச் சொல்லி நான் கேட்டதில்லை. பாதியில் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார்.

தோட்டத்துப் பட்டறைக்குத் திரும்பி வந்தபோது இரண்டு சட்டங்களைக் கையோடு கொண்டுவந்தார். மெசினில் கை வைக்கிறவன் அதன் சாவியைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது ஒன்று. ஓட்டக்கூடாத மெசினின் ஸ்டியரிங்கில் சிவப்புத் துணி கட்டியிருக்கும், கட்டியவன்தான் அவிழ்க்க வேண்டும், மேனேஜரே வந்தாலும் தொடக்கூடாது என்பது இன்னொன்று. நீளமான மரம் ஏற்றிய லோரிக்குப் பின்னால் தொங்குமே, அந்த மாதிரித் துணி. அதைப் பட்டை பட்டையாகக் கிழித்துப் பட்டறைச் சுவரில் ஆணியில் மாட்டியிருந்தார். கட்டினால் இரண்டு முடிச்சு. ஒன்று போட்டும் பார்த்ததில்லை, மூன்று போட்டும் பார்த்ததில்லை.

"சாவி என் ஜோப்புல, உசுரு என் ஒடம்புல. துணி கட்டியிருந்தா ரெங்கசாமியே அங்க நிக்கிறான்னு நெனச்சுக்க," என்பார்.

ஆறு வருஷத்துக்கு முன் தோட்டத்துக்கு உட்கார்ந்து ஓட்டும் புல் மெசின் வந்தது. பந்துத் திடல், ஆபீஸ் முன்வாசல், மேனேஜர் பங்களா, கோயிலைச் சுற்றி என்று நாலு பேர் இரண்டு நாள் வெட்டிய புல்லை அது அரை நாளில் வெட்டியது. ஓட்டுகிறேன் என்று முன்வந்தவள் சந்திரிகா. உதிரிப் பழம் பொறுக்கிப் பொறுக்கி நாற்பது வயதிலேயே இடுப்பு போனவள். ஆம்பளைகள் கேலி செய்தார்கள். ஒரு மாதத்தில் அவள் வெட்டிய திடலில் தலை வாரியது போல வரிசை தெரிந்தது. கேலி நின்றுவிட்டது.

அந்த மெசினை அண்ணன் பச்சைப் பிள்ளையைப் போலப் பார்த்துக்கொண்டார். சூடான என்ஜினில் பெட்ரோல் ஊற்ற விடவே மாட்டார், கால் மணி ஆறட்டும் என்பார். அடியில் ஒட்டிய புல்லைச் சுரண்டவோ கத்தியைத் தீட்டவோ வேண்டுமென்றால் முதலில் சாவி பைக்குள் போகும். பிறகு பிளக் ஒயரைக் கழற்றி ஓரமாக மடக்குவார், சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார், அதற்கப்புறம்தான் கை அடியில் போகும். தீட்டிய கத்தியை நடு ஓட்டையில் ஆணி கொடுத்துத் தொங்கவிட்டு, ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்ப்பார். சாய்ந்தால் மறுபடி தீட்டல். மேட்டில் குறுக்கே ஓட்டாதே, நேராக ஏறி நேராக இறங்கு என்று சந்திரிகாவிடம் தினமும் சொல்வார்.

"ஏண்ணே, நேத்தும் இதத்தான சொன்னீங்க?"

"நேத்து முழுசா வீட்டுக்குப் போனீயில்ல? அதான் இன்னிக்கும் சொல்றேன்."

அந்த மெசினின் இருக்கைக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறது. ஓட்டுகிறவர் எழுந்தால் என்ஜின் நின்றுவிடும், கத்தியும் நாலைந்து விநாடியில் அடங்கிவிடும். கத்தியை நிறுத்திக் கைபிரேக்கும் போட்டிருந்தால் மட்டும், எழுந்தாலும் என்ஜின் ஓடும். ஆனால் கைபிரேக்கின் சுவிட்ச் போன வருஷம் ஆகஸ்டில் கெட்டுப்போனது. அதனால் பிரேக் போட்டாலும் மெசினுக்குத் தெரியாது. ஆள் எழுந்தால் நிற்கும். ஆபத்தில்லாத பழுதுதான். புது சுவிட்ச் கேட்டு அண்ணன் எழுதிக் கொடுத்த சீட்டு என் மேசைத் தட்டில் ஏழு வாரம் கிடந்தது. அவசரமில்லை என்று நான்தான் அடியில் தள்ளித் தள்ளி வைத்தேன்.

அந்த வருஷம் ஆயுத பூசை வெள்ளிக்கிழமை வந்தது. பட்டறை முன்னால் டிராக்டர், லோரி, புல் மெசின் எல்லாவற்றையும் கழுவி நிறுத்தி, மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, ஸ்டியரிங்குகளில் மஞ்சளும் சிவப்புமாகத் துணி சுற்றி, சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்தோம். சூடம் காட்டும்போது எல்லா மெசினும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், ஓட்டுகிறவர்கள் இறங்கி முன்னால் வந்து கைகூப்பி நிற்க வேண்டும். இது எங்கள் தோட்டத்து வழக்கம். எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். டிராக்டர் ஓடியது, லோரி ஓடியது. சந்திரிகா கும்பிட இறங்கியதும் புல் மெசின் மட்டும் பொசுக்கென்று அணைந்தது. ஏறிக் கிளப்பினாள், இறங்கினாள், மறுபடி அணைந்தது.

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பல்லி கத்தினால்கூடப் பலன் பார்க்கிற ஆள் நான்.

"அண்ணே, சாமிக்குச் சூடம் காட்டயில மெசின் அணையலாமா? அபசகுனம்லா! ஏதாச்சும் செய்ங்க," என்றேன்.

"எந்திரிச்சா அது அணையத்தான் செய்யும். அதுக்குத்தான சுவிட்ச வச்சிருக்கான்."

"அஞ்சு நிமிசந்தான அண்ணே. சனங்க முன்னால என் மானத்த வாங்காதீங்க."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபமில்லை, சலிப்புதான் இருந்தது. இருக்கையைத் தூக்கி, சுவிட்சிலிருந்து பிளக்கைக் கழற்றி, விரல் நீள ஒயர் ஒன்றை வளைத்து அதில் செருகினார். இனி அந்த மெசினைப் பொறுத்தவரை இருக்கையில் எப்போதும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். சூடம் காட்டினோம். மெசின் சமர்த்தாக ஓடியது. பிறகு சந்திரிகா ஏறி ஓரடி நகர்த்த, எலுமிச்சம்பழம் நசுங்கியது. நான் அதைக் கைப்பேசியில் படம் பிடித்துக் கோயில் குழுவுக்கு அனுப்பினேன்.

பூசை வைத்த சாமானை மறுநாள் வரை தொடக்கூடாது என்பதும் எங்கள் வழக்கம்தான். திருப்புளியிலிருந்து மெசின் சாவிகள் வரை எல்லாம் சாமி படத்தின் முன் தாம்பாளத்தில் இருந்தன. ஆகவே அண்ணன் ஒயரை அப்போதே பிடுங்கவில்லை, சாவியைப் பையில் போட்டுக்கொள்ளவும் இல்லை. மறுநாள் முதல் வேலையாகச் செய்துகொள்ளலாம் என்றிருந்தார். சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அண்ணனின் மகள் வீடு இருக்கும் புக்கிட் செந்தோசாவிலிருந்து போன் வந்தது. மகள் துளசிக்கு நாளுக்கு முன்பே வலி கண்டுவிட்டது, தலைப்பிரசவம். அண்ணனும் அக்காவும் மோட்டார் சைக்கிளில் பறந்தார்கள். புதன்கிழமை வரை லீவு என்று எனக்குக் குறுஞ்செய்தி வந்தது. சனிக்கிழமை பேத்தி பிறந்த செய்தியும் வந்தது.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் மழை கொட்டியது. திங்கட்கிழமை காலையில் வெயில் வந்ததும் மேனேஜர் ரிஸ்வான் என்னைக் கூப்பிட்டார். கோலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. பழைய ஆட்கள் யாராவது 'தொரை' என்று கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பார். தீபாவளிப் பந்து விளையாட்டு அந்த வாரம் நடக்க இருந்தது. திடலை இன்றே வெட்ட வேண்டும் என்றார்.

நான் பட்டறைக்குப் போய் வாடிய மாலைகளைக் கழற்றினேன். ஸ்டியரிங்குகளில் சுற்றிய துணிகளை அவிழ்த்தேன். புல் மெசினில் பூசைத் துணிக்கு மேலே இன்னொரு சிவப்புத் துணி இருந்தது, இரண்டு முடிச்சு. இறுக்கமாக இருந்ததால் நகத்தால் நெம்பி அவிழ்த்தது நன்றாக நினைவிருக்கிறது. சுற்றிலும் சிவப்பும் மஞ்சளும் குங்குமமுமாகக் கிடந்த இடத்தில் அதுவும் ஒரு பூசைத் துணியாகத்தான் எனக்குத் தெரிந்தது. மற்ற துணிகளைச் சாக்கில் போட்டேன். இது கொஞ்சம் கெட்டித் துணியாக இருந்ததால், சாமி பிரசாதம் என்று என் காரின் உள் கண்ணாடியில் கட்டிக்கொண்டேன். தாம்பாளத்திலிருந்து சாவியை எடுத்து, திருநீறோடு சந்திரிகாவின் கையில் கொடுத்ததும் நான்தான்.

மெசின் புல்லை வெளியே தள்ளும் வாயில் ஈரப் புல் அடைத்துக்கொள்ளும். பத்து மணி வாக்கில் அப்படி அடைத்தது. சட்டப்படி கத்தியை நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். ஆனால் ஐந்து வருஷமாக, எழுந்தாலே நின்றுவிடும் மெசின் அது. துணி கட்டியில்லாததால், பூசைக்குப் போட்ட ஒயரை அண்ணன் எடுத்திருப்பார் என்றே அவள் நம்பியிருந்தாள். சந்திரிகா எழுந்து இறங்கி, சுற்றி வந்து, அடைத்த புல்லை பூட்ஸ் காலால் ஓர் உதை உதைத்தாள். காதில் இரைச்சலுக்குப் போடும் மூடி இருந்தது. திடலை ஒட்டிப் பழ லோரி ஒன்று என்ஜினை அணைக்காமல் நின்றிருந்தது. கேட்ட இரைச்சல் லோரியுடையது என்று நினைத்தாளாம்.

அலறல் ஆபீஸ் வரை கேட்டது. வலது காலில் கட்டை விரலும் அடுத்த விரலும் போய்விட்டன. அவளைத் தூக்கி என் காரின் பின்சீட்டில்தான் படுக்க வைத்தோம். ஆஸ்பத்திரி போகும் வழியெல்லாம் அந்தச் சிவப்புத் துணி என் கண்ணுக்கு நேராக ஆடிக்கொண்டிருந்தது. பாதி வழியில்தான் அது என்ன துணி என்று எனக்கு உறைத்தது.

செய்தி கேட்டு அன்று சாயங்காலமே அண்ணன் வந்துவிட்டார். யாரிடமும் பேசாமல் நேரே மெசினிடம் போய் இருக்கையைத் தூக்கினார். ஒயர் அங்கேயே இருந்தது. அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தேவா, நான் இதுல துணி கட்டுனேனா?"

என் கார் எனக்குப் பின்னால் இருபது அடியில் நின்றது. துணி கண்ணாடியிலேயே தொங்கியது.

"நான் பாக்கலண்ணே," என்றேன்.

"கட்டுன மாதிரிதான் இருக்கு. ஆனா துணியக் காணோமே. போன் வந்ததும் புத்தி அங்க போயிருச்சு போல. கட்டணும்னு நெனச்சத, கட்டுனதா நெனச்சுக்கிட்டேனா?"

காரை ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய், துணியை அவிழ்த்துக் காகிதப் பெட்டியின் அடியில் வைத்தேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. ஏன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

விசாரணை மேனேஜர் அறையில் நடந்தது. ரிஸ்வான் கேட்கக் கேட்க நான் தட்டச்சு செய்தேன். கத்தியை நிறுத்தாமல் இறங்கியது சந்திரிகாவின் கவனக்குறைவு என்று முதல் வரி. அதை அடித்து முடிப்பதற்குள் அண்ணன் எழுந்துவிட்டார்.

"அப்படி எழுதாதீங்க சார். எந்திரிச்சா நிக்கும்னு அந்த மெசினுதான் அவளுக்குப் பழக்கி வச்சிருக்கு. நிக்காம ஆக்குனது நானு. ஒயரு போட்டது நானு."

"யாரு போடச் சொன்னது?" என்றார் ரிஸ்வான்.

என் விரல்கள் எழுத்துப் பலகையில் நின்றுவிட்டன. அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாரும் சொல்லல. நானாத்தான் போட்டேன்."

"செவப்புத் துணி கட்டுனீங்களா?"

"கட்டுனதா ஞாபகம் சார். ஆனா என் ஞாபகத்த இனிமே நம்ப முடியாது. கட்டலன்னே எழுதுங்க."

எழுதினேன். நானேதான் எழுதினேன், எழுத்துப் பிழைகூட இல்லாமல். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று கேட்டிருக்கிறேன். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து தட்டச்சு செய்கிற கிராணிக்கு எந்த இடம் என்று யாரும் சொல்லி வைக்கவில்லை.

ரிஸ்வான் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடுவதாகத்தான் இருந்தார். அண்ணன்தான் வேலையை விட்டார். துணி கட்ட மறந்தவன் பட்டறையில் இருக்கக்கூடாது என்றார். மன்னிப்புக் கேட்கச் சந்திரிகா வீட்டுக்குப் போனபோது அவள் கதவைத் திறக்கவில்லை. "தெனம் தெனம் எனக்குச் சொன்ன மனுசன் எனக்கே இப்படிச் செஞ்சிட்டாரே" என்று உள்ளேயிருந்து அவள் அழுதது வெளியே கேட்டது. துணைக்குப் போன நான் அண்ணனுக்குப் பின்னால் நின்றிருந்தேன். வாய் வரை வந்தது. வாயோடு நின்றுவிட்டது. ஐந்து மாதம் கழித்து சந்திரிகா நாற்றுப் பண்ணை வேலைக்குத் திரும்பினாள், பாதத்தை ஒருக்களித்து வைத்து நடந்துகொண்டு. மெசின் பக்கம் போவதில்லை. அண்ணனும் அக்காவும் புக்கிட் செந்தோசாவில் மகள் வீட்டோடு போய்விட்டார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. கைபிரேக் சுவிட்சை மறுவாரமே வரவழைத்தேன். அடுத்த ஆயுத பூசைக்கு எல்லா என்ஜினையும் அணைத்து வைக்கச் சொல்லிச் சண்டை போட்டேன். கிராணிக்குப் புத்தி வந்துவிட்டது என்று சனங்கள் பேசிக்கொண்டார்கள். புத்தி எங்கே வந்தது? உண்மையைச் சொல்லாமல் இருப்பதற்கு எத்தனை நல்ல காரியம் செய்ய முடியுமோ அத்தனையும் செய்துகொண்டிருந்தேன்.

போன மாதம் துளசி போன் செய்தாள்.

"அங்கிள், அப்பா அங்க வேல செஞ்சப்பவே அவருக்கு மறதி இருந்துச்சா? டாக்டர் கேக்கச் சொன்னாரு. டெஸ்ட்ல எல்லாம் நோர்மல்தான். ஆனா அப்பா தனக்கு ஞாபகமே இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. பாப்பாவத் தூக்கவே மாட்டேங்குறாரு. கூட வேல செஞ்சவங்க சொன்னா தெரியும்னு டாக்டர் சொல்றாரு. நீங்கதான் தெனம் பாத்தவரு."

நேரில் வந்து சொல்கிறேன் என்றேன். காகிதப் பெட்டியிலிருந்து துணியை எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சனிக்கிழமை காலையில் காரை எடுத்தேன்.

வீட்டில் அண்ணன் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். "வா தேவா" என்றபோது முகத்தில் உண்மையான சந்தோஷம். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம். அவர் கையெழுத்தில்: கேஸ் மூடியாச்சு 8.10. பார்த்தது 8.15. மறுபடி பார்த்தது 8.20. கேட் பூட்டு 8.25. பக்கம் பக்கமாக இப்படியே இருந்தது. பேத்தி தவழ்ந்து வந்து அவர் முழங்காலைப் பிடித்து எழுந்து, தூக்கச் சொல்லிக் கையை நீட்டியது. அவர் தன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"நான் தூக்குறதில்ல தேவா. தூக்கி எங்கயாச்சும் ஒக்கார வச்சிட்டு மறந்துட்டேன்னா?"

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. துணியை எடுத்து நோட்டுப் புத்தகத்தின் மேல் வைத்தேன்.

"அண்ணே, இது ஒங்க துணி. புல் மெசின்ல கட்டியிருந்தது. பூசத் துணின்னு நெனச்சு நான்தான் அவுத்தேன். சந்திரிகாவுக்குச் சாவி எடுத்துக் குடுத்ததும் நான்தான்."

அவர் துணியை இரண்டு கையாலும் விரித்தார். குங்குமம் மங்கியிருந்தது. ஓரத்தில் அவருடைய கிரீஸ் விரல் தடம் அப்படியே இருந்தது. கசங்கிய இடங்களைத் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு முடிச்சா?"

"ரெண்டு முடிச்சுண்ணே."

"அப்ப கட்டியிருக்கேன்."

"கட்டியிருந்தீங்க."

"நான் மறக்கல," என்றார். என்னிடம் சொன்னார். பிறகு துணியிடம் சொல்வது போல இன்னொரு முறை சொன்னார். பிறகு அடுப்படியைப் பார்த்து உரக்கக் கூப்பிட்டார்: "நல்லம்மா! நான் மறக்கல நல்லம்மா! துணி கட்டியிருக்கேன்!"

அக்கா ஈரக் கையோடு ஓடி வந்தார். துளசியும் வந்தாள். அண்ணன் அழுதுகொண்டிருந்தார், சிரித்துக்கொண்டும் இருந்தார். அக்கா துணியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு நான் எங்கே போய் ஒளிவது?

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே. நீங்க புல்லுல ஒக்காந்து எங்கிட்டக் கேட்டீங்களே, அப்பவே. கார்லதான் தொங்கிட்டிருந்துச்சு."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் துணியை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"ஒயரு போட்டது நான்தான். அது மாறாது. யாரு கெஞ்சினாலும் நான் போட்டிருக்கக் கூடாது. அவ காலுக்கு நான் சாகுற வரைக்கும் பதில் சொல்லித்தான் ஆவணும்," என்றார். பிறகு, "சந்திரிகாகிட்டச் சொல்லியாச்சா?"

"இன்னும் இல்ல."

அவர் குனிந்து பேத்தியைத் தூக்கினார். பிள்ளை அவர் பையிலிருந்து எட்டிப் பார்த்த சிவப்பைப் பிடித்து இழுத்தது.

அன்று சாயங்காலமே சந்திரிகாவின் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒயர் போடச் சொல்லிக் கெஞ்சியதையும் சொன்னேன். அவள் என்னைத் திட்டிய வார்த்தைகள் எல்லாம் எனக்கு உரியவைதான். அவற்றைக் குறைத்து எழுத விரும்பவில்லை, கூட்டி எழுதவும் முடியாது. திங்கட்கிழமை ரிஸ்வானிடம் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பழைய விசாரணைத் தாள்கள் மறுபடி வெளியே வந்திருக்கின்றன. என்ன முடிவு வந்தாலும் கையெழுத்துப் போடுவேன். இதையெல்லாம் செய்துவிட்டதால் மனம் லேசாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். புக்கிட் செந்தோசாவில் அந்த வீட்டு வாசலில் நான் நின்ற நிமிஷம் இன்னும் என்னை விடவில்லை.

பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு அண்ணன் என்னை வழியனுப்ப வாசல் வரை வந்தார். நான் வெளியே வந்து செருப்பைப் போட்டேன்.

"மொதல்ல சந்திரிகா வீட்டுக்குப் போங்க, கிராணி," என்றார். "வண்டியப் பாத்து ஓட்டுங்க."

பதினாறு வருஷத்தில் அவர் என்னைத் தேவா என்றும் நீ என்றும் தவிர வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. கோபத்தில்கூட இல்லை. நான் திரும்பிப் பார்த்தேன். அவர் ஒரு கையால் கேட்டைச் சாத்திப் பூட்டினார், ஒரே ஒரு முறை. பூட்டை இழுத்துப் பார்க்காமல், பேத்தியிடம் ஏதோ பேசிக்கொண்டே உள்ளே போய்விட்டார்.